பொன்னாடையும் மினிட் புத்தகமும்

சில மாதங்களுக்கு முன் நம் பகுதியில் ஒரு சேவைச் சங்கத்தின் ஆண்டு விழா நடந்தது. உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். மூத்த உறுப்பினர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள். "பல ஆண்டுகள் பல கண் சிகிச்சை முகாம்களை நடத்தியவர்" என்று ஒரு பெரியவரை அறிமுகம் செய்தார்கள். எத்தனை ஆண்டு, எத்தனை முகாம் என்று பந்தியில் அவரிடமே கேட்டேன். "அதெல்லாம் மினிட் புத்தகத்துல இருந்துச்சு தம்பி. ஆபீஸ் மாத்துனப்ப எங்க போச்சோ" என்றார்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கண் முகாம் என்றால் நமக்கு டாக்டர் நினைவுக்கு வருவார். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். கிராமத்து நோயாளி அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது அந்தக் கதையின் மறுபாதி. பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்குவது, நோட்டீஸ் அடிப்பது, வண்டியில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, வெயிலில் வரிசையை ஒழுங்குபடுத்துவது, "ஆபரேஷனா, வேண்டாம்" என்று நழுவும் பாட்டியிடம் பேசிப் பஸ் ஏற்றுவது, திரும்பி வந்ததும் வீட்டில் கொண்டுபோய் விடுவது. தமிழ்நாடு முழுக்க ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்களும் உள்ளூர் இளைஞர்களும் செய்த வேலை இது. கடைசியில் டாக்டருக்குக் கண்ணைப் பார்க்கும் வேலை மட்டும்தான் மிச்சம் இருக்கும்!

போலியோவும் அப்படித்தான். ரோட்டரி 1985-ல் உலக அளவில் அந்த இயக்கத்தைத் தொடங்கியது. நாடு தழுவிய முதல் சொட்டு மருந்து நாள் 1995 டிசம்பர் 9. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறீர்கள். இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்து அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தில் பதிவானார். 2014 மார்ச் 27-ல் போலியோ ஒழிந்தது என்ற சான்றிதழ் வந்தது. இந்தத் தேதிகள் எல்லாம் துல்லியமாகக் கிடைக்கின்றன. நம் ஊர் மேசையருகே காலை முதல் மாலை வரை நின்றவர்களின் பெயர் கேட்டால்தான் பதில் இல்லை.

சங்கங்களின் தலைமை வரலாறும் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கியது ரோட்டரி. உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூடியதால் அந்தப் பெயர். 1919-ல் கல்கத்தாவுக்கும் 1929-ல் சென்னைக்கும் வந்தது. லயன்ஸ் 1956-ல் பம்பாய் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது.

1956 என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அந்த ஆண்டு நவம்பர் 23, விடியற்காலை. கனமழையில் மருதையாற்றில் வெள்ளம். அரியலூர் அருகே பாலத்தைக் கடந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் சரிந்தது. இறந்தவர்கள் 140-க்கும் மேல். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது இன்றும் பாடப்புத்தகச் செய்தி. துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன் பெயர் தேர்தல் முழக்கம் வரைக்கும் போனது. ஆற்றில் இறங்கி ஆட்களைக் கரையேற்றியவர்களில் ஒருவர் பெயரையாவது உங்களால் சொல்ல முடியுமா? எனக்கும் தெரியாது. அன்று பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. (அரியலூர் மறுபடி தனி மாவட்டமானதும் ஒரு நவம்பர் 23-ல்தான், 2007-ல்.)

நம் மண்ணுக்கு இந்த மறதி பழக்கமில்லை. சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பழமையான கல்மரத்துக்கே வேலி போட்டு வைத்திருக்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 ஆடோ 96 ஆடோ கொடுத்தால், மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, கொடுத்தவர் யார், எந்த ஊர், ஆடுகளை வாங்கிக்கொண்டவர் யார், நாள்தோறும் எத்தனை உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று எல்லாம் வெட்டி வைத்தார்கள். "பல விளக்குகள் கொடுத்த பெரியவர்" என்று எவரும் வெட்டவில்லை. கௌரவம் என்பதை அவர்கள் கணக்கோடு செய்தார்கள். நாம் ஃபிளெக்ஸில் செய்கிறோம். அது அடுத்த மழைக்கு ஆட்டுக்கொட்டகை மேல் போய்விடுகிறது.

காகிதக் குப்பையை யார் சேர்ப்பது என்று கேட்காதீர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் அமைந்தது. இன்று தமிழ் ஆய்வாளர்கள் தேடிப் போகும் இடம் அது.

அதனால் நம் குடியிருப்போர் சங்கம் ஒரு சிறிய வேலையை எடுத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில், பீரோவில் பழைய முகாம் நோட்டீஸ், ரத்ததானச் சான்றிதழ், சங்கக் கடிதம், புகைப்படம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்து அன்றே திருப்பித் தருவோம். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிடுங்கள். செல்லோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம். படத்தில் இருப்பவர் யார் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியாத பெரியவர்களிடம் கேட்டுப் பேரப்பிள்ளைகள் செல்போனில் பதிவு செய்யுங்கள்.

பந்தியில் பேசிய பெரியவர்தான் முதல் ஆளாக ஒரு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். பள்ளி, தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை 8 மணி என எல்லாம் இருக்கிறது. ஆண்டை மட்டும் அச்சிட மறந்திருக்கிறார்கள். பழைய காலண்டர்களோடு ஒப்பிட்டதில் அந்தத் தேதி ஞாயிறாக வரும் ஆண்டுகள் மூன்று தேறுகின்றன. அந்த முகாமுக்குப் போய்க் கண்ணாடியோ ஆபரேஷனோ பெற்றவர் உங்கள் வீட்டில் இருந்தால், எது என்று சொல்லுங்கள்.