விக்ரோலி: கிராமமும் ரயில் நிலையமும்

விக்ரோலி என்பது மும்பை மாநகரின் கிழக்குப் புறநகரில், மத்திய ரயில்வேயின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம்–கல்யாண் பாதையில் காட்கோபருக்கும் கஞ்சூர்மார்க்குக்கும் இடையே அமைந்த ஊரும், அப்பெயரையே தாங்கிய ரயில் நிலையமும் ஆகும். மேற்கே பவாய் ஏரியை ஒட்டிய குன்றுகளும், கிழக்கே தானே கடற்கழி எனப்படும், கடல்நீர் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும் அகன்ற நீர்ப்பரப்பும் இதன் இயற்கை எல்லைகள். சாஷ்டி என்று மராத்தியில் வழங்கும் சால்செட் தீவின் பழைய கிராமங்களுள் ஒன்றான விக்ரோலி, பக்கத்துக் கிராமமான ஹரியாலியுடன் சேர்ந்து இன்று ஒரே புறநகராகி விட்டது. 1950-இல் பம்பாய் மாநகராட்சியின் எல்லை பாண்டுப் வரை நீட்டப்பட்டபோது நகரத்துக்குள் வந்தது.

இவ்வூரின் ஊடாக ரயில் வந்தது, ஊர் நகரமாவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே. பம்பாய் அரசின் தலைமைப் பொறியாளராயிருந்த ஜார்ஜ் கிளார்க், 1843-இல் பாண்டுப்புக்கு வந்திருந்தபோதுதான் பம்பாயைத் தானே, கல்யாண் ஆகிய ஊர்களோடு இருப்புப்பாதையால் இணைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு எழுந்ததாக ரயில்வே வரலாறு கூறுகிறது. அந்தப் பாண்டுப் விக்ரோலியிலிருந்து வடக்கே இரண்டாவது நிலையம். பத்து ஆண்டுகள் கழித்து, 1853 ஏப்ரல் 16 அன்று, பம்பாயின் போரி பந்தரிலிருந்து தானேக்கு 14 பெட்டிகளில் சுமார் 400 பேரை ஏற்றிக்கொண்டு சென்ற இந்தியாவின் முதல் பயணிகள் ரயில், இன்றைய விக்ரோலியின் வழியாகவே சென்றது. அப்பாதை குன்றுகளுக்கும் சதுப்பு நிலத்துக்கும் இடைப்பட்ட மேட்டில் தெற்கு வடக்காகப் போடப்பட்டதால், ஊர் கிழக்கு என்றும் மேற்கு என்றும் இரண்டாகப் பிரிந்தது. மும்பையின் புறநகர்கள் பலவற்றிலும் இப்பிரிவு உண்டெனினும், விக்ரோலியில் இரு பக்கங்களும் நிலவுடைமையிலும் குடியிருப்பு வகையிலும் வெகுவாக வேறுபட்டு வளர்ந்தன.

இன்று நிலையத்தின் வழியே ஆறு தண்டவாளங்கள் செல்கின்றன. இரண்டு எல்லா நிலையங்களிலும் நிற்கும் 'ஸ்லோ' லோக்கல்களுக்கும், இரண்டு முக்கிய நிலையங்களில் மட்டும் நிற்கும் 'ஃபாஸ்ட்' லோக்கல்களுக்கும், எஞ்சிய இரண்டு பெரும்பாலும் வெளியூர் விரைவு வண்டிகளுக்கும் உரியவை. விக்ரோலியில் ஸ்லோ வண்டிகளே நிற்கும் என்பதால், நடைமேடையில் தொங்கும் மின்பலகையில் வண்டி சேருமிடம், நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு காட்டப்படும் 'எஸ்', 'எஃப்' என்னும் எழுத்தைப் பார்த்தே பயணிகள் ஏறுகின்றனர். தெற்கிலிருந்து வருபவர் தவறி ஃபாஸ்டில் ஏறிவிட்டால், வண்டி விக்ரோலியில் நிற்காமல் கடந்துவிடும். தென்திசையில் காட்கோபர், வித்யாவிகார், குர்லா, சயான், மாட்டுங்கா என நிலையங்கள் அடுத்தடுத்து வருவதால், தமிழர் மிகுந்த மாட்டுங்காவுக்கும், சயானில் இறங்கித் தாராவிக்கும் இங்குள்ள தமிழர்கள் ஒரே வண்டியில் செல்ல முடிகிறது. செம்பூருக்குச் செல்வோர் குர்லாவில் இறங்கி ஹார்பர் பாதைக்கு மாற வேண்டும்.

விக்ரோலியின் இன்றைய வடிவத்தை ரயிலுக்கு அடுத்தபடியாக நிர்ணயித்தது கோத்ரெஜ் நிறுவனத்தின் நிலவுடைமை. ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1897-இல் லால்பாகில் தொடங்கிய பூட்டுத் தொழில் பெருகி இடம் போதாமல் போனபோது, அவருடைய தம்பி பிரோஜ்ஷா கோத்ரெஜ் 1940-களில் விக்ரோலியில் நிலம் வாங்கினார். 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்நிலத்தின் ஒரு பகுதியில் தொழிற்சாலைகளும், தொழிலாளர் குடியிருப்பும், 1955-இல் உதயாசல் பள்ளியும் எழுந்தன. அவ்வளாகம் பிரோஜ்ஷா நகர் எனப்படுகிறது. நகரத்தின் நிலம் துண்டு துண்டாகக் கைமாறிக் கட்டடங்களால் நிறைந்த காலத்தில், இங்கு மட்டும் பெரும்பரப்பு ஒரே கையில் இருந்தது. 2024-இல் கோத்ரெஜ் குடும்பம் தொழில்களைப் பிரித்துக்கொண்டபோது, விக்ரோலி நிலம் கோத்ரெஜ் அண்டு பாய்ஸ் நிறுவனத்தை நடத்தும் கிளையிடம் இருந்தது.

இத்தொழிற்சாலைகளின் முதற்பெரும் பணி தேர்தலைச் சார்ந்தது. 1951–52-இல் நடந்த சுதந்திர இந்தியாவின் முதற்பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைக்கப்பட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து உரிய பெட்டியில் சீட்டைப் போடும் முறை பின்பற்றப்பட்டதால், ஒரு வாக்குச்சாவடிக்கே பல பெட்டிகள் தேவைப்பட்டன. அவற்றுள் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட எஃகுப் பெட்டிகள் விக்ரோலியில் செய்யப்பட்டன. வெளியே தனிப் பூட்டுத் தொங்கவிடாமல், பூட்டும் அமைப்பைப் பெட்டிக்குள்ளேயே பொருத்தியது அவற்றின் சிறப்பு. பூட்டு வேலையில் தேர்ந்தவர்களின் கை இதில் தெரிகிறது. 1955-இல் இந்நிறுவனம் உருவாக்கிய தட்டச்சுப்பொறி, தமிழ்நாட்டின் தட்டச்சுப் பயிலகங்கள் பலவற்றில் தலைமுறைகளுக்கு வேலை தேடித் தந்தது. கல்யாணச் சீர்வரிசையில் இடம்பிடித்த 'கோத்ரெஜ் பீரோ'வோ, வேறு நிறுவனத்தாரின் இரும்பு அலமாரியையும் அப்பெயராலேயே சுட்டும் அளவுக்குத் தமிழ் வீடுகளில் ஊன்றிவிட்டது. பிற்காலத்தில் இங்கிருந்து இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்குச் சென்ற 'விகாஸ்' திரவ எரிபொருள் எந்திரங்கள், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகின்றன.

ஆனால் விக்ரோலியின் அரிய செல்வம் தொழிற்சாலைக்கும் கிழக்கே, கடற்கழியோரத்தில் உள்ளது. சுமார் 1,750 ஏக்கர் பரப்புள்ள அலையாத்திக் காடு, அதாவது உவர்நீரில் வேரூன்றி அலையின் வேகத்தை ஆற்றும் மரங்களின் தொகுதி, பெருநகர் ஒன்றுக்குள் இவ்வளவு செழிப்பாக நிற்பது வியப்புக்குரியது. 1985-இல் சூனாபாய் பிரோஜ்ஷா கோத்ரெஜ் அறக்கட்டளை கடல்சார் சூழலியல் மையம் ஒன்றை நிறுவி இதன் பாதுகாப்பை முறைப்படுத்தியது. பெரும்பான்மையானது வெண்கண்டல் மரம். காற்றுப் புகாத சேற்றில் அதன் வேர்கள் மூச்சுவிட முடியாமையால், பென்சில் பருமனுள்ள கிளைவேர்கள் மண்ணைப் பிளந்து மேல்நோக்கி நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து நிற்கும். நீர் வற்றும் வேளையில் அவற்றின் நுண்துளைகள் வழியே காற்று உட்செல்லும். நீருடன் உறிஞ்சிய மிகை உப்பை இலைகள் வெளியேற்றுவதால், வெயிலில் இலைப்பரப்பின் மேல் உப்புப் படிகங்களைக் காணலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த, பால் பட்டால் கண்ணை எரிக்கும் தில்லை மரமும், நீல மலருடைய கழுதைமுள்ளியும் இக்காட்டில் உள்ளன. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டைக் கண்டவர்க்கு இவை புதியவை அல்ல.

இக்காட்டை ஒட்டிய கடற்கழியில் குளிர்காலந்தோறும் பூநாரைகள் பெருங்கூட்டமாக இறங்குகின்றன. கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரை சரணாலயமாகவும், 2022-இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலத்துக்குரிய ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. மழையும் கடலேற்றமும் ஒரே வேளையில் வரும் மும்பையில், உபரி நீருக்கு இடங்கொடுக்கும் இத்தகைய சதுப்பைத் தூர்ப்பது நகரம் தன் வடிகாலைத் தானே அடைப்பதற்குச் சமம்.

ரயில் பாதைக்குக் கிழக்கே, மகாராஷ்டிர முதல்வராயிருந்த மாரோத்ராவ் கன்னம்வார் பெயரிலான கன்னம்வார் நகரும், தாகூர் நகரும் அரசு வீட்டுவசதி வாரியம் கட்டிய குடியிருப்புகளாகும். மேற்கே பார்க்சைட், சூர்யா நகர் ஆகிய பகுதிகள் குன்றின் சரிவில் நெருங்கி ஏறியவை. தடுப்புச்சுவரும் நீர் வடியும் வழியும் இல்லாத இடங்களில் மழைக்காலம் அங்கே உயிராபத்தாகிறது. 2021 ஜூலை 18 அன்று சூர்யா நகரில் நேர்ந்த நிலச்சரிவில் பலர் மாண்டனர். மாற்று வீடு தரப்படாதவரை, எச்சரிக்கை அறிவிப்பால் மட்டும் இம்மக்கள் சரிவைவிட்டு இறங்க இயலாது.

இரு பகுதிகளையும் இணைத்திருந்த ரயில்வே கேட் மூடப்பட்ட பின், சாலை வாகனங்கள் காட்கோபர் வழியாகவோ, ஜோகேஸ்வரி–விக்ரோலி இணைப்புச் சாலை வழியாகவோ சுற்ற வேண்டியிருந்தது. நடந்து செல்வோர் சிலர் தண்டவாளத்தையே கடந்து உயிரிழந்தனர். பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின் 2025 ஜூனில் திறக்கப்பட்ட மேம்பாலம், மேற்கிலுள்ள லால் பகதூர் சாஸ்திரி சாலையைக் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையோடு நேரே சேர்க்கிறது. மும்பை–அகமதாபாத் அதிவேக ரயிலுக்கான 21 கி.மீ. சுரங்கப் பாதையும் விக்ரோலியின் அடியில் செல்கிறது. அதற்கென இங்கு எடுக்கப்பட்ட கோத்ரெஜ் நிலத்தைப் பற்றிய வழக்கை பம்பாய் உயர்நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. அச்சுரங்கத்தில் சுமார் 7 கி.மீ. தானே கடற்கழியின் கீழ் அமைகிறது. சுரங்கம் தோண்டும் எந்திரத்தை இறக்குவதற்கான ஆழ்குழிகளுள் ஒன்று விக்ரோலியில் உள்ளது.