பி.எஸ்சி. முதல் பிஎச்.டி. வரை: மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நர்சிங் படிப்புகள் ஒரு பார்வை

பிளஸ் 2வில் உயிரியல் பாடம் எடுத்த மாணவ மாணவியர் பலருக்கு எம்.பி.பி.எஸ். கனவாக இருக்கும். நீட் மதிப்பெண் குறைந்ததும் அடுத்து என்ன என்ற குழப்பம் வந்துவிடுகிறது. அப்போது அருகிலுள்ள ஏதாவது ஒரு நிறுவனத்தில் 'நர்சிங்' என்ற பெயரைப் பார்த்து, விசாரிக்காமல் பணம் கட்டுபவர்களும் உண்டு. படித்து முடித்த பிறகுதான் அந்தச் சான்றிதழை வைத்துச் செவிலியராகப் பதிவு செய்யவே முடியாது என்பது தெரிய வருகிறது. எனவே நர்சிங்கில் எந்தப் படிப்பு எதற்கு உதவும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம்.

சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட்டு, 1988 முதல் இயங்கி வருகிறது. தமிழகத்தின் அரசு நர்சிங் கல்லூரிகளும் பெரும்பாலான தனியார் நர்சிங் கல்லூரிகளும் இதனுடன் இணைக்கப்பட்டவை. இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு 1946இல் டெல்லியிலும் நம் வேலூர் சி.எம்.சி.யிலும்தான் முதலில் தொடங்கியது.

பி.எஸ்சி. நர்சிங் (4 ஆண்டுகள்)

பிளஸ் 2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்து 45 சதவீதம் தேவை, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31இல் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண்களும் சேரலாம்.

2021இல் வந்த புதிய பாடத்திட்டத்தின்படி இது எட்டு செமஸ்டர்களைக் கொண்டது. உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல், குழந்தைகள் நலம், மனநலம், சமூக நலம், மகப்பேறு எனப் பாடங்கள் செல்லும். கடைசி செமஸ்டர் முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. செய்முறைப் பயிற்சியில் 100 சதவீத வருகை இருந்தால்தான் பட்டம் கிடைக்கும். எனவே கல்லூரியைத் தேர்வு செய்யும்போது அதற்கென மருத்துவமனை இருக்கிறதா, அங்கே நோயாளிகள் உண்மையில் வருகிறார்களா என்று நேரில் போய்ப் பார்ப்பது நல்லது.

தமிழகத்தில் இதற்கான அரசு ஒதுக்கீட்டு இடங்கள் நீட் இல்லாமல், பிளஸ் 2 மதிப்பெண் தரவரிசைப்படி மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கவுன்சலிங் மூலம் நிரப்பப்படுகின்றன. புதுச்சேரி ஜிப்மர், ராணுவ நர்சிங் கல்லூரிகள் போன்றவற்றுக்கு நீட் மதிப்பெண் தேவை. எய்ம்ஸ் தனி நுழைவுத்தேர்வு நடத்துகிறது.

போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. (2 ஆண்டுகள்)

மூன்று ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோ முடித்து, கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கான பட்டப்படிப்பு இது. ஜி.என்.எம். பல்கலைக்கழகப் படிப்பு அல்ல. ஆனாலும் முறையாகப் பதிவு செய்யத்தக்க படிப்புதான்.

டிப்ளமோவா, பட்டமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. டிப்ளமோவும் போஸ்ட் பேசிக்கும் சேர்ந்தால் ஐந்து ஆண்டுகள், நேரடி பி.எஸ்சி. என்றால் நான்கே ஆண்டுகள். எய்ம்ஸ் நர்சிங் அதிகாரி தேர்வுக்கு பி.எஸ்சி. முடித்தவர் அனுபவமின்றியே விண்ணப்பிக்கலாம். ஜி.என்.எம். முடித்தவருக்கோ குறைந்தது 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். எனவே வாய்ப்பிருந்தால் பி.எஸ்சி.யே சிறந்தது. விரைவில் சம்பாதிக்க வேண்டிய குடும்பச் சூழல் இருந்தால் ஜி.என்.எம். முடித்து, வேலை பார்த்துவிட்டுப் பிறகு போஸ்ட் பேசிக் படிக்கலாம்.

எம்.எஸ்சி. நர்சிங் (2 ஆண்டுகள்)

பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யில் 55 சதவீத மதிப்பெண்ணும் ஓராண்டுப் பணி அனுபவமும் தேவை. இதில் ஐந்து சிறப்புப் பிரிவுகள் உள்ளன:

- மருத்துவ, அறுவை சிகிச்சை நர்சிங்
- குழந்தைகள் நல நர்சிங்
- மகப்பேறு, மகளிர் நோயியல் நர்சிங்
- மனநல நர்சிங்
- சமூக நல நர்சிங்

நர்சிங் கல்லூரிகளில் பேராசிரியர் நிலைக்கு உயர விரும்புவோருக்கு எம்.எஸ்சி. அவசியம். நோயாளிகளின் அருகிலேயே பணியாற்ற விரும்புவோருக்காக, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பையும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளது. எம்.எஸ்சி.க்குப் பிறகு பிஎச்.டி. ஆய்வும் செய்யலாம்.

இட ஒதுக்கீடும் உதவித்தொகையும்

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இட ஒதுக்கீடு இந்தக் கவுன்சலிங்கிலும் உண்டு. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினர் இதில் வருகின்றனர். சாதிச் சான்றிதழில் பிரிவின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். விண்ணப்பக் கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடாமல், பிளஸ் 2 படிக்கும்போதே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் உள்ளது.

சேரும் முன் கவனிக்க

ஓராண்டு, ஆறு மாத 'நர்சிங் அசிஸ்டென்ட்' சான்றிதழ்ப் படிப்புகளைப் படித்தவர் உதவியாளராக வேலை பார்க்கலாம். செவிலியர் ஆக முடியாது. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவரே செவிலியர். அரசு வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் இந்தப் பதிவு எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

கல்லூரியில் பணம் கட்டுமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பல்கலைக்கழக இணைப்பு இந்த ஆண்டுக்கு இருக்கிறதா? கவுன்சில் அங்கீகாரம் எத்தனை இடங்களுக்கு? சென்ற ஆண்டு முடித்தவர்களுக்குப் பதிவு கிடைத்ததா? இதற்கு வாய்மொழி உறுதி போதாது. ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வேலை வாய்ப்பு

தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறது. ஆரம்பத்தில் தொகுப்பூதியம் என்பதையும், பணி நிரந்தரத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதையும் மனதில் கொள்ளவும். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவுதான். இரவுப் பணியும் உண்டு. இதையெல்லாம் வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்வது, இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்துவதைத் தவிர்க்கும்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் சான்றிதழ் சரிபார்ப்பையும், அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வையும் முடிக்க வேண்டும். பல இடங்களில் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். ஏஜெண்டுகளிடம் லட்சக்கணக்கில் கொடுக்கும் முன், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகிப் பாருங்கள்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, பிளஸ் 2 முடிவு வந்ததுமே தேர்வுக் குழுவின் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். உங்கள் தெருவில் இந்த ஆண்டு உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பெற்றோருக்கும் இத்தகவலைச் சொல்லுங்கள்.