பின்வாசல் காவலாளி

கடையத்துக்குக் குடிவந்தும் அந்த மாதக் கடைசி மறக்கவில்லை. காலையில் கடவுச்சொல்லை மாற்றினேன். என் மேசைக் கணினி திறந்தது. சம்பளப் பட்டியல் இருந்த பழைய இயந்திரம் மட்டும் மறுத்தது. மூன்று முறை தட்டியதும் கணக்கே பூட்டிக்கொண்டது. அன்று பட்டியல் போகாவிட்டால் அலுவலகத்தில் யாருக்கும் முதல் தேதி சம்பளம் இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அம்மொழியில் இதை 'மோ த பாஸ்' என்பார்கள். காவலாளியிடம் சொல்லிவிட்டுக் கடக்கும் சொல். சொல்லை மாற்றிவிட்டுப் பின்வாசல் காவலாளிக்குச் சொல்ல மறந்த கதைதான் இது.

1961-இல் எம்.ஐ.டி.யில் கார்பட்டோ குழுவினர் பலர் பகிரும் கணினியை இயக்கிக் காட்டினார்கள். ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது அதில்தான். கணினி ஒன்று, சொல்லேடும் ஒன்று, குழப்பமில்லை. இயந்திரங்கள் பெருகவே நகல்களும் பெருகின. 1980களில் அதே எம்.ஐ.டி.யில் கெர்பரோஸ் பிறந்தது. கிரேக்கப் புராணத்து மூன்று தலை நாயின் பெயர்! சொல் ஓரிடத்தில் இருக்கும். மற்ற இயந்திரங்களிடம் சில மணி நேரம் செல்லும் சீட்டைக் காட்டினால் போதும். சீட்டைப் படிக்கத் தெரியாத பழைய இயந்திரங்களுக்கோ, புதுச் சொல்லின் நகலை அனுப்பித்தான் ஆகவேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் அந்த அனுப்புதல் நின்று இரண்டு நாளாயிற்று. வந்த இளைஞர் என் விரல்களைக் குறை சொல்லவில்லை. நகல் கடைசியாக எப்போது போனது என்றுதான் முதலில் பார்த்தார். அனுப்புதலை ஓடவிட்டு, பூட்டைத் திறந்து, சொல்லை மறுபடி மாற்றச் சொன்னார். நாலரை மணிக்குப் பட்டியல் போனது.