ஒத்திகை இல்லாத நாடகமும் காலியான தேதியும்

பங்குனி பிறந்துவிட்டது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் வள்ளி திருமணம் நோட்டீஸ்கள் சுவரேறும் காலம். அவற்றை நின்று படித்திருக்கிறீர்களா? கம்பெனி பெயர் இருக்காது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்துத் தேதி வாங்கியிருப்பார்கள். இதுதான் ஸ்பெஷல் நாடகம்.

அதற்கு முன் கம்பெனிகள்தான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். சண்முகத்துக்காகச் சுவாமிகள் ஒரே இரவில் அபிமன்யு சுந்தரி எழுதிய கதை பலருக்கும் தெரியும். கம்பெனியில் சாப்பாடு, படுக்கை, பாடம் எல்லாம் ஓரிடத்தில். ஆனால் முக்கியப் பையனுக்குக் குரல் உடைந்தால் கம்பெனியே ஆட்டம் கண்டுவிடும்.

பெயர் பெற்ற நடிகர்களை ஓர் இரவுக்கென்று சேர்க்கும் வழக்கம் பிறகு வளர்ந்தது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926-ல் கொழும்பு மேடையில் ஜோடி சேர்ந்ததும் இந்த வகையில்தான்.

ஸ்பெஷல் நாடகத்தில் மாதச் சம்பளம் கிடையாது. தேதி இருந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பங்குனி, சித்திரையில் சம்பாதித்ததை வைத்து மார்கழியைத் தள்ள வேண்டும். அந்த நேரத்தில் மழை கொட்டும், ஊரில் ஒரு சாவு விழும், இரண்டு கோஷ்டிக்குள் தகராறு வரும். நாடகம் ரத்து. போன இரவு போனதுதான். இன்னொரு பக்கம், வேறொரு ஊரில் ஆள் வராமல் மேடை காத்திருக்கும். இந்த இரண்டு ஓட்டையையும் ஒன்றால் ஒன்று அடைத்ததுதான் இந்தத் தொழிலின் சாமர்த்தியம்.

எழுபதுகளில் எங்கள் ஊர்த் திருவிழாவில் இதைக் கண்ணால் பார்த்தேன். மாலை ஆகியும் ஸ்திரீபார்ட் வரவில்லை. என் சித்தப்பா விழாக் கமிட்டியில் இருந்தார். கார் பிடித்து மதுரைக்கு ஓடினார். நடிகர் சங்கத்தில், அன்றைக்குத் தேதி ரத்தான ஓர் அம்மாள் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாராம். பதினொன்றரைக்கு வந்து இறங்கினார். அரிதாரம் பூசிக்கொண்டே ஆர்மோனியக்காரரிடம் சுருதி மட்டும் கேட்டார். ராஜபார்ட்டை அதற்குமுன் பார்த்ததே இல்லை. வேலனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம் கிளி கூவும் வரை நடந்தது!

இது எப்படி முடிந்தது? எல்லோரும் படித்தது ஒரே பாடம், சுவாமிகள் பாடம். பாட்டு எங்கே, வசனம் எங்கே, யார் எப்போது நுழைய வேண்டும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். இடையில் பேசுவதை அவரவர் திறமைக்கு விட்டுவிட்டார்கள். ஒத்திகை இல்லாததைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி இல்லை. ஒத்திகை வேண்டியிருந்தால் அன்றைக்கு எங்கள் மேடை இருட்டாகக் கிடந்திருக்கும், அந்த அம்மாளும் வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பார்.

என் பழைய மாணவர் ஒருவர் இப்போது மிருதங்கம் வாசிக்கிறார். கைபேசி வந்த பிறகும் தேதிகளை டைரியில்தான் எழுதுகிறார். போன மாதம் புரட்டிப் பார்த்தேன். அடித்த ஊர்ப் பெயர்களுக்கு மேலே, வேறு மையில், நுணுக்கி நுணுக்கி வேறு ஊர்ப் பெயர்கள். சித்திரையில் ஒரே ஒரு கட்டம்தான் அடித்தபடியே காலியாக இருந்தது.