வாரும் விளக்கும்

நாவல் எழுதுகிறவனுக்கு யந்திர விஷயத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கட்டும். கதையில் வரப்போகும் விபத்தை முன்கூட்டியே எவ்வளவு உணர்த்துவது என்பதுதான் என் தொழிலின் பெரிய தலைவலி. வண்டி செய்கிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு என்று படித்தபோது அவர்களோடு ஓர் உறவே ஏற்பட்டுவிட்டது. அவர்கள் கதையின் நாயகன் ஒரு தோல் வார். இன்றைய பேச்சில், பெல்ட்.

1886-ல் கார்ல் பென்ஸ் ஜெர்மனியில் உரிமை பதிந்த மோட்டார் வண்டியில், எஞ்சினின் சக்தியைச் சக்கரத்தை நோக்கிக் கொண்டுபோனது ஒரு வார்தான். அங்கிருந்து சங்கிலி. இரண்டு வருஷம் கழித்து அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியில் புறப்பட்டுவிட்டார். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அந்தக் காலத்தில் வார் வெளியே தெரியும். தளர்ந்தால் கண்ணுக்குப் புலப்படும், வழுக்கினால் காதுக்குக் கேட்கும். எச்சரிக்கைக்கென்று தனியாக ஒன்று வேண்டியிருக்கவில்லை.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தக்கபடி வார் தன் பிடியை மாற்றிக்கொண்டால் என்ன என்று இங்கிலாந்தில் சிலர் யோசித்தார்கள். 1910 வாக்கில் வந்த ஜெனித் மோட்டார் சைக்கிளில், காப்பிக்கொட்டை அரைக்கும் யந்திரத்தில் இருப்பதுபோல ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் வார் ஓடும் கப்பி விரியும், குறுகும். மலையேற்றப் போட்டிகளில் இந்த வண்டி மற்றவர்களை அவமானப்படுத்தியதால், சில சங்கங்கள் அதற்குத் தடை போட்டன. கம்பெனியார் என்ன செய்தார்கள் தெரியுமா? 'தடுக்கப்பட்டது' என்ற சொல்லையே தங்கள் விளம்பர முத்திரையில் பொறித்துக்கொண்டார்கள்! கெட்டிக்காரர்கள்.

கைப்பிடியும் இல்லாமல் தானே மாறும் ஏற்பாட்டை மோட்டார் காரில் நிலைநிறுத்தியவர் ஹாலந்து தேசத்து ஹப் வான் டோர்ன். 1958-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அவருடைய டாஃப் கார் வந்தது. அதில் இரண்டு ரப்பர் பெல்டுகள். கப்பியின் இரு பாதிகளும் கூம்பு வடிவம். வேகம் கூடக்கூட உள்ளிருக்கும் எடைகள் வெளியே வீசப்பட்டு அவற்றை நெருக்கும். பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். கியர் மாற்றும் வேலையே இல்லை. முன்னால் போகும் வேகத்திலேயே பின்னாலும் போகக்கூடிய கார் அது. ஊரார் ரப்பர் நாடா என்று கேலி செய்தார்கள்.

அமெரிக்காவின் மின்னஸோட்டா மாநிலத்தில் ரோஸோ என்ற குளிர்ப் பிரதேச ஊர். அங்கே பனிவண்டி செய்துவந்த போலாரிஸ் கம்பெனி, பனிவண்டியில் பழகிய இதே மாதிரி பெல்டை 1985-ல் டிரெயில் பாஸ் என்ற வண்டியில் வைத்தது. சேறு, மணல், காடு எங்கும் ஓடும் ஏ.டி.வி. ஜாதி இது. கப்பிக்கும் பெல்டுக்கும் நடுவே தண்ணீர் போனால் வழுக்கும். பாரம் இழுக்கும்போது தாழ்ந்த கியருக்கு மாற்றாவிட்டால் தேய்ந்து கருகும். ஆகவே பெல்டைப் பெட்டிக்குள் வைத்துக் காற்றுக் குழாய் கொடுத்து மூடினார்கள். மூடியதும் பெர்த்தா அம்மாளின் காலத்துக் கண்ணும் காதும் போயின.

அதற்கு ஈடாக வந்தது விளக்கு. கவாசாகியின் சில ஏ.டி.வி.க்களில் நூறு மணி நேரம் ஓடியதும் பெல்ட் விளக்கு எரியும். உள்ளே பெல்ட் எப்படி இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. பஞ்சாங்கம்போல நாள் கணக்கைச் சொல்லும், அவ்வளவே. பெல்ட் கெட்டால் கண்டுகொள்ள வேறொரு சுவிட்சும் வைத்தார்கள். அது விழித்துக்கொள்ளும்போது காரியம் மிஞ்சியிருக்கும். நூறு மணிக்கு எரிந்த விளக்கை, பெல்டைப் பார்த்த பிறகு வயர் இணைப்பை மாற்றிச் சொருகி அணைக்க வேண்டும். மூடியைத் திறக்காமலே அணைக்கவும் முடியும் என்பதுதான் எனக்குப் பிடிக்காத இடம். சரிவில் இறங்கும்போது பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும் என்று எண்ணவேண்டாம். எஞ்சின் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த பிடி விட்டுப்போய், வண்டி கட்டற்று உருளும். மிச்சம் பிரேக் மட்டும்.

கார்கள் உருக்குப் பட்டைக்குப் போய்விட்டன. 1987-ல் சுபாரு ஜஸ்டி அதைக் கொண்டுவந்தது. ரப்பர் பெல்டோ நம் தெருக்களிலும் ஓடுகிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரின் இடப்பக்க மூடிக்குள் இருப்பது அதுதான். பெரும்பாலானவற்றில் அதற்கு விளக்கு கிடையாது. எங்கள் தெரு மெக்கானிக்கிடம், பெல்ட் கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மூடியைக் கழற்றினார். பெல்டை எடுத்துத் துடைத்து, அகலத்தை அளந்தார். பிறகு பின்பக்கமாக வளைத்து, பல்லிடுக்கில் மயிரிழைபோல ஓடிய கீறல் ஒன்றைக் காட்டி, "இதோ பாருங்க, சார்" என்றார்.