கிழங்காகப் போய் மாத்திரையாகத் திரும்பிய மஞ்சள்

ஈரோட்டுப் பக்கம் வைகாசி, ஆனியில் ஊன்றிய விதை மஞ்சள் எட்டொன்பது மாதம் மண்ணுக்குள் கிடக்கும். பொங்கல் பானையின் கழுத்தில் கட்ட இலையோடு கொஞ்சம் கொத்து பிடுங்குவார்கள். மற்றதெல்லாம் தழை காய்ந்து சாய்ந்த பிறகுதான் வெட்டு. தாய்க்கிழங்கு வேறு, விரலி வேறு என்று பிரித்து வேகவைக்கிறார்கள். முன்பு பெரிய கொப்பரை. இப்போது நீராவிக் கொதிகலன். பதம் பார்க்கக் கடிகாரம் வேண்டாம். நுரை கிளம்பி மஞ்சள் வாடை தூக்கியதும் ஒரு கிழங்கை எடுத்துக் குச்சியால் குத்துவார்கள். தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. குறைய வெந்தால் காய்ந்தபின் நொறுங்கும், கூடுதலாக வெந்தால் நிறம் கெடும். களத்தில் பத்துப் பதினைந்து நாள் காய்ந்த விரலியை ஒடித்தால் உலோகத்தைத் தட்டியதுபோல் ஓசை வரும். பிறகு உருளையில் போட்டுச் சுற்றினால் செதிலும் சல்லிவேரும் உதிர்ந்து மெருகேறிவிடும்.

மூட்டைகள் ஏலத்துக்கு வருகின்றன. வியாபாரி ஒரு விரலியை ஒடிப்பார், உள்ளே நிறத்தைப் பார்ப்பார், விலை எழுதுவார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள் இங்கிருந்துதான் அரவை மில்லுக்கும், அங்கிருந்து நம் அஞ்சறைப் பெட்டிக்கும் போகிறது.

மஞ்சளுக்கு இன்னொரு வழியும் உண்டு. அது சாறு எடுக்கும் ஆலைக்குப் போகும் வழி. மண்டியில் நிறத்துக்கு விலை என்றால் ஆலையில் அந்த நிறத்தைத் தரும் குர்குமினுக்கு விலை. சாதாரண மஞ்சள் தூளில் இந்தப் பொருள் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். அதனால் ஆலைக்காரர்களின் கண் ஆலப்புழை ரகத்தின் மீதும், 7 சதவீதம் அளவுக்குக் குர்குமின் உள்ள மேகாலயாவின் லகாடாங் மீதும் போகிறது. தூளை அசிட்டோன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கினால் கெட்டியான பிசின் தங்கும். அதிலிருந்து படிகமாகப் பிரித்தெடுப்பதுதான் குப்பிகளில் ‘95 சதவீதம்’ என்று போட்டு விற்கும் சரக்கு. மாவுச்சத்து, நார்ச்சத்து, வாசனை எண்ணெய் எல்லாம் விடைபெற்றுவிடும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருக்கும் குர்குமினைச் சமையல் தூளிலிருந்து பெற வேண்டுமானால் ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டி தூளை விழுங்க வேண்டும். அவ்வளவு போட்ட குழம்பை யார் வாயில் வைப்பது?

ஐரோப்பியர் குர்குமினை முதலில் பிரித்தெடுத்தது 1815இல். அதன் வேதி அமைப்பு 1910இல் தெரிந்தது. அழற்சியைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டு என்று 1973இல் எழுதியவர்கள் லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீமலும் தவானும். 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்குக் காப்புரிமையே வாங்கிவிட்டது. நம் பாட்டிமார்கள் யாரிடம் அனுமதி கேட்டு மஞ்சள் பற்றுப் போட்டார்களோ! இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் (சி.எஸ்.ஐ.ஆர்.) பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டி மறு ஆய்வு கோரியது; 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

அந்தத் தொண்ணூறுகளில்தான் மஞ்சளின் பெயர் நாள்பட்ட அழற்சியோடு சேர்ந்து ஒலிக்கத் தொடங்கியது. காயம் பட்ட இடத்தில் அழற்சியாக வரும் சிவப்பும் வீக்கமும் வந்த வேலை முடிந்ததும் போய்விடும். போகாமல் தங்கிவிட்டால் மூட்டு, இரத்தக்குழாய், ஈரல் என்று ஒவ்வொன்றாக அரிக்கும். உடற்பருமன், புகை, பல்லீறு நோய் எல்லாம் அதற்குத் தீனி. அழற்சியைத் தூண்டும் ஒரு முக்கியமான புரதத்தைக் குர்குமின் அடக்குகிறது என்று ஹூஸ்டன் ஆய்வகம் ஒன்று 1995இல் எழுதியது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் கண்டது அது. அதன்பின் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. அந்த ஆய்வகத்தின் கட்டுரைகள் பலவற்றை இதழ்களே பின்னாளில் திரும்பப் பெற்றன என்பதும் இந்தப் பயணத்தில் சேர்த்தி.

செல்லில் நடந்தது உடம்பில் நடக்கவில்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது. குடலும் ஈரலும் அதை வேகமாக மாற்றி வெளியேற்றிவிடும். 2006இல் வந்த ஆய்வு ஒன்றில் ஒரே வேளையில் 8 கிராம் வரை கொடுத்தும் இரத்தத்தில் அது தட்டுப்படவில்லை. அதற்குள் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு வழி கண்டிருந்தார்கள். 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைபரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு கூடுகிறது என்று 1998இல் எழுதினார்கள். இன்றைக்கு ‘மிளகுச் சாறு சேர்ந்தது’ என்று குப்பிகளில் இருப்பதற்கு மூலம் இதுதான். ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு எவ்வளவு என்று அந்தக் குப்பிகள் சொல்வதில்லை.

மூட்டு வலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய ஆய்வு 2020இல் டாஸ்மேனியாவிலிருந்து வந்தது. முழங்கால் தேய்மானமும் மூட்டில் நீர்க்கோப்பும் உள்ள 70 பேர், 12 வாரம், ஒரு பாதிக்கு மஞ்சள் சாறு, மறு பாதிக்கு வெற்று மாத்திரை. மஞ்சள் எடுத்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது மூட்டில் கோத்திருந்த நீர் குறைந்ததாகத் தெரியவில்லை. அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லி விற்கும் பொருளுக்கு இது சங்கடமான முடிவு. வலி குறைந்தது பொய்யில்லை. குறைந்த காரணம்தான் வேறாக இருக்கலாம்.

குப்பிக்குள் போனதில் ஆபத்தும் சேர்ந்தது. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்பைக் கண்காணிக்கும் ஆய்வாளர் குழு மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்டதாக 10 பேரைப் பதிவு செய்தது, ஒருவர் இறந்துபோனார். பெரும்பாலானோருக்கு ஒரே வகை மரபணுக்கூறு இருந்தது. சிலருடைய மாத்திரையில் மிளகுச் சாறும் கலந்திருந்தது. உடம்பு வெளியே தள்ளப் பார்ப்பதை வலிந்து உள்ளே ஏற்றினால் எல்லா ஈரலும் தாங்காது. குர்குமினுக்கு உணவுச் சாயம் என்ற வகையில் உலக அளவில் ஏற்ற வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடைக்காரருக்கு 180. 95 சதவீதச் சரக்கில் செய்த 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றிலேயே 475 வந்துவிடுகிறது.

சமையல் வழியிலும் கள்ளம் நுழைந்தது உண்டு. நிறம் தூக்கலாகத் தெரிய வங்கதேசத்தில் விரலிக்கு ஈயக் குரோமேட் பூசினார்கள். அங்கே சந்தை மாதிரிகளில் 2019இல் 47 சதவீதத்தில் அது இருந்தது. சோதனையும் அபராதமும் தொடங்கியபின் 2021இல் ஒன்றிலும் இல்லை. விரலியாக வாங்கி வெயிலில் காயவைத்து அரைத்துக்கொள்ளும் வழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் விடாதீர்கள். ஆனால் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிற விரலியை மட்டும் நம்ப வேண்டாம்.

குழம்புக்கு ஒரு சிட்டிகை, ரசத்துக்கு மிளகோடு ஒரு சிட்டிகை, மீனில் தடவ ஒரு சிட்டிகை என்று நம் வீட்டில் ஒருவருக்குச் சேர்வது நாளைக்கு ஒரு கிராம், கூடினால் இரண்டு. குர்குமின் கணக்கில் அது 30 முதல் 60 மில்லிகிராம். இது மருந்தின் வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது. அழற்சியைக் குறைக்க உதவும் சாப்பாடு என்று கேட்டால் என் பதில் மஞ்சளைச் சுற்றி இருப்பவற்றைத்தான் காட்டும்: பருப்பு, கீரை, தீட்டாத தானியம், மத்தி மாதிரி எண்ணெய் மீன், சர்க்கரையையும் பொரித்ததையும் குறைப்பது, இடுப்புச் சுற்றளவை இறக்குவது. இவற்றுக்கு உள்ள சான்று எந்த மஞ்சள் மாத்திரைக்கும் இல்லை.

குப்பி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரும், பித்தப்பைக் கல் உள்ளவரும், ஈரல் பாதிப்பு வந்தவரும் அடுத்த மாத்திரையை விழுங்குமுன் அதை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எடுக்கத் தொடங்கியபின் கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போனாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடக்குவாதத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை மஞ்சளை நம்பி நிறுத்தாதீர்கள்.