ஐந்து ஷில்லிங் புத்தகமும் ஒரு குடும்பஸ்தனும்

டிசம்பர் வந்தா நம்ம ஆபீஸ்ல ரெண்டு விஷயம் கண்டிப்பா நடக்கும். ஒண்ணு, கிளையண்ட் எல்லாரும் லீவுல போயிடுவாங்க. ரெண்டு, போறதுக்கு முன்னாடி "கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சுடுங்க"ன்னு ஒரு ஆணியை நம்ம தலையில அடிச்சுட்டுப் போவாங்க. நேத்து ராத்திரி பதினோரு மணிக்குப் பொட்டி தட்டிட்டு இருக்கேன். பக்கத்து ரூம்ல ரெண்டு வயசு வாண்டு தூங்க மாட்டேன்னு அடம். தங்கமணிக்கு ஏழாம் மாசம். மொபைலைப் பார்த்தா வீட்டுக் கடன் தவணை எடுத்தாச்சுன்னு மெசேஜ். அப்பத்தான் 1843-ல கிட்டத்தட்ட இதே நிலைமையில லண்டன்ல உட்கார்ந்து எழுதிட்டு இருந்த ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்தார்.

சார்லஸ் டிக்கன்ஸ். 'எ கிறிஸ்துமஸ் கரோல்' எழுதினவர். கஞ்சன் ஸ்க்ரூஜ், மூணு ஆவிகள், கடைசியில மனசு மாறுறது, இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அதை எழுதின வீட்டோட கதை.

அந்த வருஷம் அக்டோபர்ல அவருக்கு வயசு 31. என்னை விட மூணே வயசு பெரியவர் (ஒப்பிடுறதுக்கு வேற எதுவும் இல்லைங்க, வயசு மட்டும்தான் :-)). ரீஜண்ட்ஸ் பார்க் பக்கத்துல டெவன்ஷயர் டெரஸ்னு பெரிய வீடு. மனைவி கேத்தரின். மூத்தவன் சார்லிக்கு ஆறு வயசு, மேமிக்கு அஞ்சு, கேட்டிக்கு நாலாவது பிறந்தநாள் வரப்போகுது, வால்டருக்கு ரெண்டரை. கேத்தரினோட தங்கை ஜார்ஜினாவும் கூடவே இருந்தார். ஜனவரியில அஞ்சாவது குழந்தை. கணக்குப் போட்டா ஏழு வருஷத்துல அஞ்சு பிரசவம்.

பேரும் புகழும் ஏற்கனவே வந்தாச்சு. பணம்தான் பிரச்சினை. அப்போ மாசாமாசம் வந்துட்டு இருந்த 'மார்ட்டின் சஸில்விட்' தொடர்கதை சரியாப் போகலை. முன்னாடி 'நிக்கலஸ் நிக்கில்பி' மாசம் 50,000 பிரதி போச்சு. இது 20,000 பக்கத்துல நின்னுடுச்சு. பதிப்பாளர்கள் ஒப்பந்தத்துல ஒரு ஷரத்தைக் காட்டி, மாசச் சம்பளத்துல 50 பவுண்ட் பிடிக்க வேண்டி வரும்னு கோடி காட்டினாங்க. மாசம் 200 பவுண்ட் வாங்குற மனுஷனுக்கு அது கால் பங்கு. அப்ரைசல்ல அடி வாங்கினவங்களுக்குப் புரியும்.

இதுல அப்பா வேற. ஜான் டிக்கன்ஸ் பையன் பேரைச் சொல்லி ஊரெல்லாம் கடன் வாங்குவார். 1841-ல "இந்தக் கடனுக்கெல்லாம் நான் பொறுப்பில்லை"ன்னு டிக்கன்ஸ் பேப்பர்ல விளம்பரமே கொடுக்க வேண்டி வந்தது. கடன்னா அவருக்கு என்ன பயம்னு தெரியணும்னா 1824-க்குப் போகணும். ஒரு பேக்கரிக்காரருக்கு 40 பவுண்ட் 10 ஷில்லிங் பாக்கிக்காக அப்பாவை மார்ஷல்சி சிறையில போட்டாங்க. பன்னெண்டு வயசுப் பையன் ஷூ பாலிஷ் கம்பெனியில பாட்டிலுக்கு லேபிள் ஒட்டப் போனான். இந்த விஷயத்தை அவர் தன் பிள்ளைகள்கிட்ட கூட வாயைத் திறந்து சொன்னதில்லை.

1843-ல சுரங்கங்களிலும் ஆலைகளிலும் குழந்தைகள் படுற பாடு பற்றி அரசாங்க அறிக்கை வந்துட்டு இருந்த சமயம். செப்டம்பர்ல ஃபீல்ட் லேன்ங்கிற இடத்துல ஏழைப் பிள்ளைங்களுக்கான இலவசப் பள்ளியையும் போய்ப் பார்த்துட்டு வந்தார். முதல்ல இதைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் போடலாம்னுதான் நினைச்சார். அப்புறம் அதை விட்டுட்டுக் கதையா எழுத ஆரம்பிச்சார். அக்டோபர் நடுவுல தொடங்கி டிசம்பர் ஆரம்பத்துல முடிச்சாச்சு. ஆறு வாரம்! அதுவும் அந்த மாசாந்திரத் தொடரை நிறுத்தாம. ராத்திரி ஊர் அடங்கினப்புறம் பதினஞ்சு இருபது மைல் லண்டன் தெருக்கள்ல நடந்துக்கிட்டே யோசிப்பாராம். நாம டெட்லைன்னு புலம்புறதெல்லாம் சும்மாங்க.

கதைக்குள்ள வர்ற பாப் கிராட்சிட் வீடு கேம்டன் டவுன்ல இருக்கு. சின்ன வயசுல டிக்கன்ஸ் குடும்பம் இருந்த அதே ஏரியா. ஆறு பிள்ளைங்க, வாரம் 15 ஷில்லிங் சம்பளம். பழைய கவுனைத் திருப்பித் தைச்சு, ரிப்பன் கட்டிப் பண்டிகை கொண்டாடுற அம்மா. வாத்து பேக்கரி அடுப்புல வெந்து வரும். அது கற்பனை இல்லை. வாத்தை முழுசா வாட்டுற அளவுக்கு ஏழை வீடுகள்ல அடுப்பு கிடையாது. அதனால பண்டிகை அன்னைக்கு ரொட்டிக் கடைக்காரர்கிட்ட காசு கொடுத்து வேக வெச்சு வாங்கிட்டு வருவாங்க. எனக்கு அந்தப் புத்தகத்துல ஆவிகளை விட இந்த அடுப்பு சமாச்சாரம்தான் பிடிக்கும். மாசக் கடைசியில காசு எண்ணிப் பார்த்தவரோட எழுத்து அது.

ஆனா பாருங்க, புத்தகம் தயாரிக்கிறப்போ அந்தக் கணக்கு எல்லாம் காத்துல போச்சு. பதிப்பாளர் மேல நம்பிக்கை இல்லாம செலவை அவரே ஏத்துக்கிட்டார். பக்க ஓரத்துல தங்கப் பூச்சு. ஜான் லீச் வரைஞ்ச படங்கள்ல நாலுக்குக் கையால வண்ணம் தீட்டினாங்க. உள்ளட்டையில பச்சைத் தாள் ஒட்டினா சாயம் கையில ஒட்டுதுன்னு, கடைசி நேரத்துல மஞ்சளா மாத்தினாங்க. இவ்வளவும் பண்ணிட்டு விலை அஞ்சு ஷில்லிங்தான். (அந்த அஞ்சும் பாப் கிராட்சிட்டோட வாரச் சம்பளத்துல மூணுல ஒரு பங்குங்கிறது வேற விஷயம்!)

டிசம்பர் 19 ரிலீஸ். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள்ள 6,000 பிரதியும் காலி. மனுஷன் துள்ளிக் குதிச்சார். அந்த சீசன்ல நடிகர் மெக்ரெடி வீட்டுக் குழந்தையோட பிறந்தநாள் விருந்து. மெக்ரெடி அமெரிக்காவுல இருந்தார். டிக்கன்ஸும் நண்பர் ஃபார்ஸ்டரும் போய் ஒரு மணி நேரம் மேஜிக் காட்டினாங்க. ஒருத்தரோட தொப்பிக்குள்ள பச்சை மாவையும் முட்டையையும் போட்டு, ஆவி பறக்க பிளம் புட்டிங்கா வெளியே எடுத்தாராம். அங்கே இருந்த ஜேன் கார்லைல் இதைக் கடிதத்துல எழுதி வெச்சதால நமக்குத் தெரியுது.

1844 ஜனவரி 6 சார்லிக்கு ஏழாவது பிறந்தநாள். அவங்க ஊர்ல அது கிறிஸ்துமஸ் சீசனோட கடைசிக் கொண்டாட்டம், பெரிய கேக் வெட்டுவாங்க. சரியா அதே நாள்ல ஒரு மலிவுப் பத்திரிகை, கரோலைச் சுருட்டித் தன் பாணியில வெளியிட்டுடுச்சு. திருட்டு விசிடி கதைதான். டிக்கன்ஸ் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடந்துட்டு இருக்கும்போதே, ஜனவரி 15-ல அஞ்சாவது குழந்தை பிறந்தது. பையன், ஃபிரான்சிஸ். வழக்குல ஜெயிச்சாச்சு. ஆனா எதிராளிங்க திவாலாயிட்டோம்னு கையை விரிச்சுட்டாங்க. கோர்ட்டுச் செலவு சுமார் 700 பவுண்ட் இவர் தலையில விழுந்தது.

பிப்ரவரியில கணக்கு வந்தது. 1,000 பவுண்ட் கிடைக்கும்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தார். முதல் 6,000 பிரதிக்குக் கிடைச்ச லாபம் 230. அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்லைன்னு நண்பருக்குப் புலம்பி எழுதினார். ஜூலையில அஞ்சு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு, செலவு குறைவுன்னு இத்தாலியில ஜெனோவாவுக்குக் குடும்பத்தோட குடிபோயிட்டார்.

கேத்தரினைப் பற்றி அதிகம் எழுதலைன்னு தங்கமணி கேட்டாங்க. நியாயம்தான். அந்த ஆறு வாரமும் நிறைமாசத்தை நோக்கிப் போயிட்டு இருந்தவங்க அவங்க. 1851-ல வேற பேர்ல, 'இன்னைக்கு என்ன சமையல்'ங்கிற மாதிரி தலைப்புல ஒரு சமையல் பட்டியல் புத்தகம் போட்டாங்க. மொத்தம் பத்துப் பிள்ளைங்க. 1858-ல டிக்கன்ஸ் அவங்களைப் பிரிஞ்சார். எனக்கு இந்த விஷயத்துல அவர் மேல கோபம் தீரலை.

அந்தக் கிறிஸ்துமஸ்ல தவழ்ந்து முடிச்சு ஓடிட்டு இருந்த வால்டர், 1857-ல பதினாறு வயசுல கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்துல சேர்ந்து இந்தியா வந்தான். இங்கே அவனுக்கும் கடன். 1863 டிசம்பர் 31, உடம்பு சரியில்லாம ஊருக்குத் திரும்பக் கிளம்பினவன் கல்கத்தாவிலேயே இறந்துட்டான். வயசு 22. செய்தி கப்பல்ல போய்ச் சேர்ந்தது பிப்ரவரி 7, டிக்கன்ஸோட பிறந்தநாள் அன்னைக்கு. அதே சமயம் ஃபிரான்சிஸ், அந்த ஜனவரிக் குழந்தைதான், வங்காள போலீஸ்ல வேலைக்குச் சேர இந்தியா வந்துட்டு இருந்தான். அண்ணன் இருப்பான்னு நினைச்சு வந்தவனுக்கு, கல்கத்தாவுல இறங்கினப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது.

சரிங்க, வாண்டு முழிச்சுக்கிச்சு. ரிலீஸுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு.